அப்பாவோட பத்மினி கார எது வரைக்கும் கழட்டறது? முழுசா பிரிக்கணுமா, தேவையானத மட்டுமா?

பாலக்கோடு_பத்மினி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு ஊரு பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர் சிப்காட்ல, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் தான் வீட்டுல இருப்பேன். எங்க அப்பாவோட பிரீமியர் பத்மினி 1982 மாடல், செகண்ட் ஹேண்டா 1991ல வாங்கினாரு. அப்பா தவறி 9 வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவே அவரால ஓட்ட முடியல, ஆகமொத்தம் 11 வருஷமா வண்டி மாட்டுக்கொட்டாய ஒட்டி இருக்கற ஷெட்டுல நிக்குது. விக்க அம்மா ஒத்துக்கல, எனக்கும் மனசு வரல. இப்ப கையில ரெண்டரை லட்சம் சேத்து வெச்சிருக்கேன், வண்டிய எழுப்பிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

நெலம என்னன்னா டயர் நாலும் தரையோட தரையா உக்காந்துடுச்சு. பிளக்க கழட்டி உள்ள ஆயில் ஊத்தி பத்து நாள் விட்டுட்டு புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு திருப்பி பாத்தேன், இஞ்சின் சுத்துது, ஜாம் ஆகல. பிரேக் மிதிச்சா பெடல் நேரா கீழ போயிடுது. டேஷ்போர்டு அடியில எலி கூடு கட்டி வயரு பாதிய கடிச்சு வெச்சிருக்கு. டிரைவர் பக்கம் மேட்ட தூக்கினா தரைத்தகடுல அஞ்சு ரூவா காசு அளவுக்கு ஓட்டை, கீழ மண்ணு தெரியுது. டோருக்கு கீழ பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா கெளம்பி இருக்கு. மத்தபடி வெளிய பாக்க நல்லாதான் இருக்கு, கண்ணாடி எல்லாம் முழுசு.

இப்ப கேள்வி. தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மெக்கானிக் வந்து பாத்துட்டு, பிரேக்க செஞ்சு கார்பரேட்டர சர்வீஸ் பண்ணி ஓட்டைல ஒரு பேட்ச் அடிச்சு ஓட்டுங்க போதும்ங்கறாரு. மச்சான் பெங்களூர்ல இருக்காரு, அவரு செஞ்சா முழுசா செய்யி, ஒரு நட்டு விடாம கழட்டி வெறும் கூடாக்கி பெயிண்ட உரிச்சு புதுசா கட்டு, அரைகுறையா செஞ்சா ரெண்டே வருஷத்துல மறுபடியும் துரு வெளிய வந்துடும்ங்கறாரு. ரெண்டு பேரு சொல்றதும் நியாயமா தான் படுது, அதான் கொழப்பம். எது வரைக்கும் கழட்டலாம்னு நீங்கல்லாம் எப்படி முடிவு பண்ணீங்க? ஆசை என்னன்னா அடுத்த ஆடிப்பெருக்குக்கு அம்மாவ இதுலயே ஒகேனக்கல் கூட்டிட்டு போகணும். அப்பா இருந்தப்ப வருஷா வருஷம் அப்படித்தான் போவோம், புளிசோத்து தூக்க மடியில வெச்சுகிட்டு அம்மா பின்சீட்டுல.

காவேரிப்பட்டணம்_டிங்கர்:

தம்பி, எங்கப்பா காலத்துல இருந்து எங்களுக்கு தகடு வேலை தான். ரெண்டு பேரு சொன்னதையும் இப்ப ஓரமா வை. ஸ்பேனர தொடாத. ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் சின்ன சுத்தியலும் எடுத்துகினு வண்டிக்கு அடியில போ. துரு எது வரைக்கும் போயிருக்குன்னு தெரியாம எது வரைக்கும் கழட்டறதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

பத்மினிக்கு லாரி மாதிரி தனியா சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கூடு தான் சேஸிஸ். தரைத்தகடு, டோருக்கு கீழ நீளமா ஓடற பாக்ஸு, பின்னாடி பட்டா (வளைஞ்ச தகட்டு ஸ்பிரிங்கு) வந்து மாட்டற எடம், முன்னாடி சஸ்பென்ஷன் உக்கார்ற எடம், இதெல்லாம் சேந்து தான் வண்டிய தாங்குது. அதனால இந்த எடங்கள ஒண்ணொண்ணா சுத்தியல்ல தட்டு. கணீர்னு சத்தம் வந்தா நல்ல தகடு, மொத்து மொத்துன்னு வந்தா உள்ள போயிடுச்சு, இல்ல முன்னாடி எவனோ பட்டி வெச்சு மூடி இருக்கான். சந்தேகமா இருக்கற எடத்துல ஸ்க்ரூடிரைவர வெச்சு அழுத்து. உள்ள போனா போகட்டும், பாவம் பாக்காத, சாக்பீஸ்ல வட்டம் போட்டு வை. மேல தெரியற அஞ்சு ரூவா ஓட்டை வேற, அடியில இருக்கற உண்மையான ஓட்டை வேற. எங்க பட்டறைல கை அகலம்னு சொல்லி வந்த வண்டில மொழம் நீளத்துக்கு வெட்டி எடுத்திருக்கோம்.

அந்த மெக்கானிக் சொன்ன பேட்ச் இருக்கு பாரு, துரு மேலயே தகட வெச்சு ஒட்டறது, அத மட்டும் வேணாம். ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஈரம் நின்னு அடுத்த மழைக்கே சுத்தி அரிக்க ஆரம்பிச்சிடும். கெட்டத வெட்டி எடுத்துட்டு நல்ல தகடு வர்ற எடத்துல இருந்து புதுத் தகடு வெச்சு பத்த வைக்கணும். மிக் வெல்டிங் இருந்தா நல்லது, கேஸ் வெச்சா சூடு பரவி தகடு இழுத்துக்கும். முக்கியமா ஒண்ணு, வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்க கழட்டி ஷெட்டுக்கு வெளிய எடுத்துட்டு போயிடு, பைப்பையும் சேத்து. 11 வருஷத்து பெட்ரோல் பிசினா மாறி இருக்கும், ஆனா காலி டேங்க்ல நிக்கற ஆவிக்கு ஒரு பொறி போதும். பேட்டரி வயரையும் கழட்டிடு.

இன்னொன்னு நெறைய பேரு தப்பு பண்ற எடம். கழட்டறோம்னு சொல்லி மொதல்ல டோர கழட்டி சாத்தி வெச்சிடுவாங்க. டோருக்கு கீழ இருக்கற பாக்ஸ வெட்டற வேலை இருந்தா டோரு வண்டில தான் இருக்கணும். டோர் இடைவெளி தான் உனக்கு அளவுகோல். வெட்டறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற இடைவெளிய அளந்து எழுதி வை, பத்த வைக்கறப்ப நடு நடுவுல மூடி பாரு, சுளுவா மூடுச்சுன்னா கூடு வளையல. ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல வெட்டவே கூடாது, ஒரு பக்கம் முடிச்சு ஆறவிட்டு தான் அடுத்த பக்கம். வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தறப்ப வெயிட்டு சக்கரம் தாங்கற எடத்துல எறங்கணும், நடுவுல முட்டு குடுத்து நிறுத்தினா வெட்டின ஒடனே கூடு தொங்கிடும்.

ஓசூர்_ஹெரால்டு:

மேல அண்ணன் சொன்னதுல ஒரு வார்த்தை மாத்த வேண்டியதில்ல. நான் மச்சான் கட்சில இருந்து வந்தவன்ங்கறதால என் கதைய சொல்றேன். என்கிட்ட இருக்கறது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1969, நம்ம மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, 948 சிசி. பத்மினிக்கு நேர் எதிர், இதுக்கு தனியா சேஸிஸ் உண்டு, பாடிய போல்ட்டு போட்டு மேல உக்கார வெச்சிருப்பாங்க, பானெட்டு முன்பக்க மட்கார்டோட சேந்து ஒரே துண்டா முன்னாடி சாயும். போல்ட்ட கழட்டினா பாடி வந்துடும்னு தெரிஞ்சதும் எனக்கு கை நிக்கல. எட்டு பேர கூப்ட்டு பாடிய தூக்கி பக்கத்துல வெச்சோம். அன்னிக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல.

அதுக்கப்பறம் தான் பிரச்சினை. ஹெரால்டு பாடி தனியா நின்னா டோர் தொறப்பு கிட்ட பலம் ரொம்ப கம்மி, சேஸிஸ் தான் அத நேரா புடிச்சு வெச்சிருக்கு. தூக்கறதுக்கு முன்னாடி டோர் தொறப்புக்கு குறுக்க ஆங்கிள் வெச்சு தற்காலிகமா பத்த வெச்சிருக்கணும், நான் வைக்கல. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒவ்வொரு போல்ட்டுலயும் ரப்பரும் தகட்டுத் துண்டும் வேற வேற கனத்துல இருந்துச்சு, கம்பெனில டோர் அளவுக்கு ஏத்த மாதிரி வெச்சது, அதையும் எது எங்கன்னு குறிக்காம எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டுட்டேன். திரும்ப எறக்கினப்ப டோரே மூடல. அத சரி பண்ண மட்டும் ஒண்ணரை வருஷம், மொத்தமா மூணு வருஷம் போச்சு.

ஆனா தூக்கினது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன். சேஸிஸ்ல பக்கவாட்டுல நீட்டிகிட்டு பாடிய தாங்கற கைங்க இருக்குல்ல, அதுல மூணு உள்ளயே அரிச்சு பேப்பர் மாதிரி ஆகி இருந்துச்சு, மேல பாடி இருந்தா அத எவனாலயும் ஒழுங்கா மாத்தி இருக்க முடியாது. ஆக முழுசா பிரிக்கறதா வேணாமாங்கறது இல்ல விஷயம், கெட்ட எடத்துக்கு கை போக என்னெல்லாம் வழி விடணுமோ அத கழட்டணும். எனக்கு பாடியே வழிய மறைச்சுது. உங்க பத்மினில பாடிய தனியா தூக்கறதுங்கற பேச்சே இல்ல, அதனால மச்சான் சொல்ற வெறும் கூடுங்கறது கண்ணாடி, கூரைத் துணி, வயரிங், இஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாத்தையும் எறக்கறது. கூரைல துரு இல்லன்னா கூரைத் துணிய எதுக்கு கிழிக்கணும்? கண்ணாடிய சுத்தி இருக்கற பழைய பீடிங் ரப்பர் 40 வருஷத்துல கல்லு மாதிரி ஆகி இருக்கும், அத உருவறப்ப முன் கண்ணாடி ஒடைஞ்சா நல்லதா இன்னொண்ணு தேடி சென்னை புதுப்பேட்டைக்கும் பெங்களூர் ஜேசி ரோட்டுக்கும் அலையணும்.

சாண்ட் பிளாஸ்டிங் (மணல வேகமா பீச்சி துருவயும் பெயிண்டயும் உரிக்கறது) பத்தி மச்சான் கட்டாயம் சொல்வாரு. சேஸிஸ், வீல் டிஸ்க், பிராக்கெட் மாதிரி கனமான சாமானுக்கு தாராளமா பண்ணலாம். பானெட்டு, கூரை, டோர் மாதிரி அகலமான மெல்லிசு தகட்டுக்கு வேணாம். என் பானெட்டு அலை அலையா வளைஞ்சு போச்சு, பாத்தப்ப அழுகையே வந்துடுச்சு.

அரூர்_அம்பாசிடர்:

தம்பி நான் மெக்கானிக் இல்ல, ஆனா இத படிச்சிட்டு எழுதாம இருக்க முடியல. எங்க அப்பா வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆன பணத்துல வாங்கின அம்பாசிடர். அவரு போனதுக்கப்பறம் உங்கள மாதிரியே ஆசைப்பட்டு 2012ல ஒரு பட்டறைல விட்டேன், இங்க இல்ல, வெளியூர்ல. முழுசா பிரிச்சு செஞ்சா தான் நிக்கும்னாங்க, சரின்னேன். ஒரே வாரத்துல பிரிச்சிட்டாங்க, வண்டிய பிரிக்கறது அவ்ளோ சுலபம். அதோட நின்னு போச்சு. பணம் கேட்டாங்க குடுத்தேன், தகடு வரல பெயிண்டர் வரலன்னு ரெண்டு வருஷம் இழுத்தாங்க, கடைசில பட்டறையவே மூடிட்டாங்க. வண்டி டாடா ஏஸ்ல கூடா ஒரு தடவ, சிமெண்ட் சாக்குல நட்டு போல்ட்டா இன்னொரு தடவ வீட்டுக்கு வந்துச்சு. டோர் லாக்கு ரெண்டு, மீட்டர் பெட்டி, பின்னாடி விளக்கு எல்லாம் காணோம். சாக்க கொட்டி பாத்தா எந்த போல்ட்டு எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. அந்த வண்டிய கழட்டினவங்க கையோட அந்த விவரமும் போயிடுச்சு.

விக்கலாம்னு பாத்தேன், ஓடாத முழு வண்டிக்காவது ஆளு வர்றாங்க, பிரிச்சுப் போட்ட வண்டிக்கு எடைக்கு எடுக்கறவங்க தான் வந்தாங்க. குடுக்கல. இப்ப தெருவுல ஒருத்தரு இன்னும் அம்பாசிடர் ஓட்டறாரு, அவரு வண்டி கிட்ட போயி படம் எடுத்துட்டு வந்து வந்து எங்க பையன் மாட்டிகிட்டு இருக்கான். முன்பக்கம் முடிஞ்சுது, இன்னும் இருக்கு.

அதனால சொல்றேன், ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் கழட்டுங்க, அத மாட்டிட்டு அடுத்தத தொடுங்க. கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு கோணத்துல போட்டோ எடுத்துக்கங்க, ஒண்ணு தூரத்துல இருந்து எடுங்க, கிட்டத்துல எடுத்தத மட்டும் பாத்தா பின்னாடி எந்த எடம்னே புரியாது. போல்ட்டு கழண்டதும் அந்த ஓட்டைலயே ரெண்டு சுத்து திருப்பி விட்டுடுங்க, அத விட நல்ல டப்பா கிடையாது. முடியாதத ஜிப் கவர்ல போட்டு பேப்பர்ல எழுதி உள்ள வைங்க, கவர் மேல எழுதினா அழிஞ்சிடும். கழட்டின எதையும் வீட்ட விட்டு வெளிய அனுப்பாதீங்க, அனுப்பியே ஆகணும்னா ஒரு நேரத்துக்கு ஒரு சாமான் மட்டும். இத்துப்போன பீடிங்கா இருந்தாலும் புதுசு வந்து சரியா பொருந்தற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. அம்மா இருக்கறப்பவே வண்டி ஓடணும் தம்பி, அது ரொம்ப முக்கியம்.

பர்கூர்காரன்:

வேலைய பத்தி பெரியவங்க சொல்லிட்டாங்க, நான் பேப்பர் பத்தி மட்டும். தனியார் கார் ஆர்சி 15 வருஷம், அதுக்கப்பறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவ வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி புதுப்பிக்கணும். உங்களுது எப்ப முடிஞ்சுதுன்னு ஆர்சி புக்க எடுத்து பாருங்க, அப்பா பேருல இருந்தா உங்க பேருக்கோ அம்மா பேருக்கோ மாத்தற வேலையும் இருக்கு, வாரிசு சர்டிபிகேட் வேணும். இத தகடு வேலைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க. காட்டறப்ப சேஸிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் ஒத்துப் பாப்பாங்க. அதனால நம்பர் பஞ்ச் அடிச்சிருக்கற தகட்ட வெட்டறது, தேய்க்கறது, பட்டி வெச்சு மூடறது எதுவும் கூடாது. டிங்கர் கிட்ட அந்த எடத்த கையால தொட்டு காட்டிடுங்க. இஞ்சின் பிளாக்கு மாத்தற யோசனை வந்தாலும் அதே கதை தான்.

ஹெரால்டு அண்ணனுக்கு ஒண்ணு, 2021ல வந்த விண்டேஜ் வண்டி விதி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு, உங்களுது அதுல வரும். ஆனா சேஸிஸ், பாடி, இஞ்சின்ல பெரிய மாற்றம் எதுவும் பண்ணி இருக்கக் கூடாது, அதுல போனா தினப்படி ஓட்டவும் முடியாது, ராலி கண்காட்சி மாதிரி விஷயத்துக்கு தான். 1982 பத்மினி இன்னும் அந்த வயசுக்கு வரல, சாதாரண புதுப்பித்தல் தான் வழி.

பாலக்கோடு_பத்மினி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அரூர் அக்கா எழுதினத அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு போய் ஜிப் கவர் வாங்கிட்டு வான்னாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூடிரைவரோட அடியில கெடந்தேன். ரிசல்ட் இது.

டிரைவர் பக்கம் தரைத்தகடு பெடல்ல இருந்து சீட்டு வரைக்கும் போச்சு, அழுத்தின எடமெல்லாம் உள்ள போவுது. அந்தப் பக்கத்து பாக்ஸ்ல பின்டோர் கீழ ஒரு சாண் நீளத்துக்கு பட்டி வெச்சு மூடி இருக்காங்க, பட்டிய பேத்தா உள்ள வெறும் துருத்தூளு. இடது பக்கம் தரை, பாக்ஸ் ரெண்டும் கணீர்னு இருக்கு. பட்டா மாட்டற எடம் நல்லா இருக்கு, முன் சஸ்பென்ஷன் உக்கார்ற எடமும். டிக்கில ஸ்டெப்னி உக்கார்ற பள்ளத்துல நாலு சின்ன ஓட்டை. கூரை, கண்ணாடி ஓரம் எங்கயும் துரு இல்ல.

பேட்டரி கடன் வாங்கி செல்ப் அடிச்சு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் உள்ள அழுத்தம் எவ்ளோ வருதுன்னு பாத்தோம். மூணு சிலிண்டர் கிட்டத்தட்ட சமமா இருக்கு, ஒண்ணு மட்டும் கம்மி, அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு பாத்தா ஏறுது. இப்ப இஞ்சின எறக்கி போர் அடிக்கணுமா (சிலிண்டர் உள்பக்கத்த கடைஞ்சு எடுக்கறது)? எறக்கினா இஞ்சின் ரூமையும் சுத்தமா பெயிண்ட் அடிச்சிடலாம்னு ஒரு ஆசையும் இருக்கு.

ஓசூர்_ஹெரால்டு:

எறக்கிடுங்க தம்பி. ஆயில் விட்டா ஏறுதுன்னா வால்வு பிரச்சினை இல்ல, பிஸ்டன சுத்தி இருக்கற ரிங்கு தான். எப்படியும் ஒரு நாள் எறக்கணும், கிளட்ச் பிளேட்டு, ஆயில் சீல் எல்லாம் ஒரே செலவுல முடியும்.

காவேரிப்பட்டணம்_டிங்கர்:

இதுல நான் ஒத்துக்கல சார். 11 வருஷம் நின்ன இஞ்சின்ல ரிங்கு கரி புடிச்சு பள்ளத்துலயே ஒட்டி இருக்கும், தேஞ்சு போச்சுன்னு இப்பவே முடிவு கட்ட முடியாது. ஓட விட்டு ஆயில் மாத்தி ஒரு ஐநூறு கிலோமீட்டர் போனா பாதி வண்டில ரிங்கு விட்டு கம்ப்ரஷன் திரும்பிடும். திரும்பலன்னா, புகை வந்தா, அப்ப எறக்கலாம், நாலு போல்ட்டு எங்கயும் ஓடிடாது. இருக்கற பணம் ரெண்டரை லட்சம், அது மொதல்ல தகட்டுக்கும் பிரேக்குக்கும் போகட்டும். பெண்ணாகரம் தாண்டி ஒகேனக்கல் எறக்கம் எறங்கற வண்டி இது, அந்த எறக்கத்துல எஞ்சின் பவர் கம்மியா இருந்தா ஒண்ணும் ஆகாது, பிரேக் இல்லன்னா என்ன ஆகும்னு சொல்ல வேணாம். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ஹோஸ், துரு புடிச்ச பைப்பு, எல்லாம் புதுசு. ரப்பர மட்டும் மாத்தி ஒப்பேத்தாத.

உன் வண்டிக்கு என் கணக்கு சொல்றேன். சீட்டு, மேட்டு, டேங்க்கு கழட்டறோம். வயரிங் முழுசா புதுசு போடு, எலி கடிச்சத டேப்பு சுத்தி விட்டா என்னிக்காவது தீ புடிக்கும், பழச உருவறப்பவே புதுச அதே வழில பக்கத்துல படுக்க வை. கண்ணாடி, கூரைத் துணிய தொட வேணாம். முன் சஸ்பென்ஷன தனியா கழட்ட போகாத, காயில் ஸ்பிரிங்கு அமுங்கின நெலமைல உக்காந்திருக்கு, அமுக்கிப் புடிக்கற டூல் இல்லாம கழட்டினா தெறிச்சு ஆளையே அடிச்சிடும். புஷ்ஷு (மூட்டுல இருக்கற உறை) ஆடுதான்னு மட்டும் பாப்போம். பெயிண்டு வெட்டின எடத்துக்கு மட்டும், மொத்த வண்டிக்கும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பாக்ஸு உள்ள மூடறதுக்கு முன்னாடி பிரைமர் அடிச்சு அப்பறம் மெழுகு ஆயில் விட்டுடணும், கீழ தண்ணி வடியற ஓட்டைய அடைக்காம விடணும். அது அடைஞ்சதால தான் அந்த ஒரு சாணு போச்சு.

ஓசூர்_ஹெரால்டு:

நீங்க சொல்றது சரி தான்ணா, ரிங்கு ஒட்டி இருக்கும்ங்கறத நான் யோசிக்கல. தம்பி, ஓட்டி பாத்துட்டே எறக்குங்க. அப்படின்னா பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாபிரம் ரெண்டையும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க, இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதுல ஊறி விட்டுடும், அதுக்கு தாங்கற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க. ரேடியேட்டர்ல நம்ம ஊரு போர் தண்ணி ஒரு சொட்டு ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு ட்யூப் அடைச்சுக்கும், கேன்ல வர்ற கூலண்ட் தான்.

பாலக்கோடு_பத்மினி:

சரிங்கண்ணா, இஞ்சின் அங்கயே இருக்கட்டும். மச்சான் கிட்டயும் பேசிட்டேன், கொஞ்சம் வருத்தம் தான் அவருக்கு, ஆனா வயரிங் செட்ட பெங்களூர்ல இருந்து நானே வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டாரு. நேத்து சீட்டு நாலு போல்ட்டு கழட்டினேன், ரெண்டு சுலபமா வந்துச்சு, ரெண்டுக்கு டீசல் ஊத்தி ஊற விட்டிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை வண்டிய தூக்கி நிறுத்தணும். ஷெட்டுல ஹாலோ பிளாக் கல்லு நெறைய இருக்கு, அதுவே போதுமா?

காவேரிப்பட்டணம்_டிங்கர்:

கல்லு மேல வேணவே வேணாம், அது விரிசல் விடறது கண்ணுக்கு தெரியாது, படக்குன்னு ஒடையும், அடியில நீ கெடப்ப. எங்க பட்டறைல ஸ்டாண்டு நாலு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு எடுத்துகினு வர்றேன், அது வரைக்கும் வண்டிய தூக்காத. டோர் இடைவெளிய மட்டும் சனிக்கிழமை ராத்திரியே அளந்து எழுதி வை.